முதுகில் இருந்த படம்

அறுபது கிலோமீட்டர் சைக்கிள் பயணத்தின் ஒன்பதாவது கிலோமீட்டரில், முன்னால் போய்க்கொண்டிருந்த ஓர் ஆளின் முதுகில் அவள் தன் மகனைப் பார்த்தாள்.

முதலில் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். மொட்டைத் தலை, முகமூடியைத் தாடைக்கு இழுத்துவிட்டு நாக்கை நீட்டும் ஒரு பையன். புற்றுநோய் வார்டில் மொட்டைப் பிள்ளைகளுக்கா பஞ்சம்? இரண்டு மிதி வேகமாக மிதித்து நெருங்கினாள். பையன் கையில் முன்சக்கரம் இல்லாத பொம்மை லாரி. படத்தின் இடது மூலையில், புகை படிந்தது போல மங்கலாக ஒரு விரல் நுனி. போன் லென்ஸை மறைத்த அந்த விரல் அவளுடையது. இந்தப் படத்தை எடுத்தவளே அவள்தான்.

அவள் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கர். நாளொன்றுக்கு அறுநூறு சட்டைகள் அவள் மேஜையைத் தாண்டிப் போகும். விட்ட தையல், கோணிய காலர், இழுத்துக்கொண்டு நிற்கும் பட்டன் எல்லாம் அவள் கண்ணில் தப்பாது. மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து போன பிறகு அந்தக் கண் வீட்டிலும் மூடுவதில்லை. தினமும் காலையில் அவன் கை கால்களைத் திருப்பிப் பார்ப்பாள். எங்கேயாவது கன்றிப் போயிருக்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா, கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா. "அம்மா, நான் சட்டை இல்ல" என்று அவன் ஒருநாள் கத்தியே விட்டான். மருந்தெல்லாம் நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. டாக்டருக்கு நம்பிக்கை வந்துவிட்டது, அவளுக்குத்தான் வரவில்லை.

குழந்தைகளின் புற்றுநோய் பற்றி ஆராய்ச்சி செய்யும் நிலையத்துக்குப் பணம் திரட்ட வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பயணம் நடக்கும். வார்டு நர்ஸ் இரண்டு வருஷமாகக் கூப்பிட்டும் அவள் போகவில்லை. அந்த நாட்களின் பக்கமே திரும்பிப் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை. இந்த வருஷம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். "உங்க பையன் சாப்பிட்டது புது மருந்தும்மா. அத யாரோ உக்காந்து பல வருஷம் தேடியிருக்காங்க. அவங்க தேடுறதுக்கு வேற யாரோ கொடுத்திருக்காங்க. யாருன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." அன்று சாயங்காலமே பெயர் கொடுத்தாள். துணைக்கு நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பே மரத்துப்போச்சு அண்ணி, நானும் வர்றேன் என்று.

காலையில் புறப்படும் இடத்தில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள், முதுகில் குத்திக்கொள்ள. யாரை நினைத்து ஓட்டுகிறார்களோ அந்தக் குழந்தை உயிரோடு இருந்தால் மஞ்சள் அட்டை. இல்லையென்றால் வெள்ளை. விரும்பினால் படம் ஒட்டலாம். அவள் மஞ்சள் வாங்கி, "என் மகன்" என்று மட்டும் எழுதினாள். படம் ஒட்டவில்லை. ஆயிரம் பேர் கண் படும் இடத்தில் பிள்ளையின் முகத்தை ஏன் கடை பரப்ப வேண்டும்? அட்டைக்கு மேலேயே தன் பையை மாட்டிக்கொண்டாள். தண்ணீர், துண்டு, மாத்திரை, எங்கே போனாலும் விடாமல் தூக்கிப் போகும் மகனின் மருத்துவக் குறிப்புகளின் நகல், எல்லாம் அதற்குள்.

அவள் ஒட்டாத முகம் இப்போது முன்பின் தெரியாத ஒருவனின் முதுகில், மஞ்சள் அட்டையில், நாக்கை நீட்டிக்கொண்டு போகிறது.

சைக்கிளை ஓரமாக நிறுத்திக் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் எலெக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தான்.

"குட்டி எங்க?"

"டிவி முன்னாடி. ஏன், அதுக்குள்ள கால் வலிக்குதா?"

"ஆஸ்பத்திரியில நாக்க நீட்டிக்கிட்டு நிப்பானே, அந்தப் படம். யாருக்காவது அனுப்புனீங்களா?"

"எந்தப் படம்?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. கையில லாரி வெச்சிருப்பான்."

"நான் யாருக்கும் அனுப்பல. என் மேலயே சந்தேகமா?"

"எல்லார் மேலயும்தான். கதவச் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்க. யார் வந்து கூப்பிட்டாலும் திறக்க வேணாம்."

"சிலிண்டர்காரன் வந்தா?"

"யார் வந்தாலும்!"

அவன் சிரித்ததில் அவளுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. மகனின் முதல் ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று இரண்டு நாள் சிரித்துப் பேசியவன்தானே அவன்.

அவள் மறுபடி மிதிக்கத் தொடங்கியபோது அந்த ஆள் முன்னால் இல்லை. சற்று தூரம் போனதும் பின்னால் ஒரு சங்கிலி கரகரக்கும் சத்தம். திரும்பினாள். அவன்தான். அவளுக்குச் சரியாகப் பின்னால், பத்தடி விட்டு, அவள் முதுகையே பார்த்தபடி வந்துகொண்டிருந்தான். இவள் திரும்பியதும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகத் தாண்டிப் போனான்.

தாண்டும்போது அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஹெல்மெட் புதுசு, சைக்கிள் பழசு. முழுக்கால் சட்டையின் கணுக்காலில் ரப்பர் வளையம். இரண்டு கையும் ஒரே நிறமாக இல்லை. வலது முன்கை மட்டும் வெயிலில் வெந்து கறுத்திருந்தது. துணியில் சாயம் ஒரு பக்கம் மட்டும் ஏறினால் அவள் அதை ஒதுக்கி வைப்பாள்.

நாத்தனார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"பிள்ள பிடிக்கிறவன் அறுபது கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சா பிடிப்பான், அண்ணி? அவனவன் கார்ல வர்றான்."

"அப்ப அந்தப் படம் எப்படி வந்துச்சு?"

"நெட்டுல கிடைச்சிருக்கும். பரிதாபமா ஒரு மொட்டை வேணும்னு தேடி எடுத்திருப்பான்."

"நான் எங்கயும் போடவே இல்லையே!"

நாத்தனார் சிரிப்பை நிறுத்தினாள்.

இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு பள்ளி மைதானத்தில் ஓய்விடம். மேஜைகளில் ஆரஞ்சுச் சுளைகளும் குளுக்கோஸ் தண்ணீரும் வைத்திருந்தார்கள். அவன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் தண்ணீர் வாங்குவது போல நின்று கவனித்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைச் சுற்றி வளைத்து, மெல்ல அவள் முதுகுப் பக்கம் வந்தான். அவள் சட்டென்று திரும்பி நேருக்கு நேர் பார்த்தாள். அவன் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டான்.

தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்ணிடம் கேட்டாள். "இப்ப போனாரே, அவர் யாரும்மா?"

"பேர் தெரியாதுக்கா. வெளியூர்னு நினைக்கிறேன். உங்களப் பத்திதான் கேட்டாரு."

"என்னப் பத்தியா? என்ன கேட்டார்?"

அந்தப் பெண் சங்கடத்தோடு சொன்னாள். "அந்த அம்மா முதுகுல இருக்கிற பைய எப்பவாச்சும் கழட்டுவாங்களான்னு கேட்டாரு."

நாத்தனார் கையிலிருந்த சுளையைக் கீழே போட்டாள். "பைத் திருடன்! அண்ணி, இனிமே நீங்க எனக்கு முன்னாடி போங்க. நான் பின்னாடியே வர்றேன். கிட்ட வந்தான்னா பம்ப்பால போட்டுடுறேன்."

அவளுக்கு அது பொருந்தவில்லை. பை திருடுகிறவனுக்கு மகனின் படம் எதற்கு? மகனை நோட்டம் விடுகிறவனுக்குப் பை எதற்கு? ஒரு வேளை பைக்குள் இருக்கும் குறிப்புகளுக்காகவா? அதில் வீட்டு முகவரி இருக்கிறது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒருகணம் தோன்றியது. ஆனால் அவன் யாரென்று தெரியாமல் போய்ப் படுத்தால் இனி ஒருநாளும் தூக்கம் வராது என்பதும் தெரிந்தது. துரத்தினாள்.

எதிர்க்காற்று. இரண்டு பக்கமும் மூடிக்கிடந்த பட்டறைகள், கிடங்குகள், நீளமான மதில்கள். மஞ்சள் அட்டை தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. மிதிக்க மிதிக்க யோசனையும் சுழன்றது. அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டது ஸ்டுடியோவில். எத்தனை என்று கேட்டார்கள். ஒன்று என்றாளா, இரண்டு என்றாளா? ஒன்று பீரோவில், பிறப்புச் சான்றிதழோடு இருக்கிறது. இரண்டு என்றுதான் சொன்னாள். இரண்டாவதை... அதற்கு மேல் போக மனம் மறுத்தது. மூன்று வருஷமாகப் பூட்டி வைத்திருந்த அறை அது. கியரை மாற்றி இன்னும் வேகமாக மிதித்தாள்.

நாற்பத்தொன்றாவது கிலோமீட்டரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இருபது முப்பது சைக்கிள்கள் தேங்கி நின்றன. அவனும் மாட்டிக்கொண்டான். அவள் நேராகப் போய் அவன் சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்தாள்.

"யாருய்யா நீ?"

அவன் அவள் தோளுக்குப் பின்னால், பையையே எட்டிப் பார்த்தான்.

"உன் முதுகுல இருக்கிறது என் பிள்ளை. எங்க எடுத்த இந்தப் படத்த? யார் கொடுத்தா? காலையிலேருந்து எதுக்கு என் பின்னாலயே சுத்துற?"

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். நாத்தனார் பம்ப்போடு வந்து பக்கத்தில் நின்றாள். அவன் முகத்தில் வியர்வையா கண்ணீரா என்று தெரியாத ஏதோ ஒன்று வழிந்துகொண்டிருந்தது.

"பையக் கழட்டுங்க" என்றான்.

"என்னது?"

"தயவு பண்ணி ஒரே ஒரு தடவ பையக் கழட்டுங்கம்மா. நான் தொட மாட்டேன். தள்ளியே நிக்கிறேன்."

"பாத்தீங்களா, அண்ணி! எவ்வளவு தைரியம் இவனுக்கு?" என்றாள் நாத்தனார்.

"கழட்ட வேணாம். சரி, வேணாம். அதுக்கு அடியில இருக்கிற அட்டை என்ன கலர்னு மட்டும் சொல்லிடுங்க." அவன் குரல் உடைந்தது. "லீடர் இருக்கானா?"

லீடர்.

அந்தப் பெயரை அவள் மூன்று வருஷமாகக் கேட்டதில்லை. வீட்டில் அவன் குட்டி. பள்ளியில் அவனுக்கு வேறு பெயர். லீடர் என்று கூப்பிட்டது உலகத்திலேயே ஒரு பிள்ளைதான். அடுத்த கட்டிலில் இருந்த ஏழு வயதுப் பெண். வார்டு முழுக்க அவளை டீச்சர் என்பார்கள். மருந்து பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஸ்கேலால் கட்டிலைத் தட்டிப் பாடம் நடத்துவாள். எழுந்து உட்காரத் தெம்புள்ள மாணவன் பெரும்பாலும் ஒருவன்தான். ஆகவே அவனே லீடர். அவளுக்குப் பிறந்தநாள் வந்தபோது என்ன வேண்டும் என்று கேட்டார்கள். "லீடர் போட்டோ. அட்டெண்டன்ஸ் புக்குல ஒட்டணும்" என்றாள். இரண்டாவது பிரதி அதற்காகத்தான் போட்டது.

அவள் கை ஹேண்டிலிலிருந்து நழுவியது. பையை ஒரு தோளிலிருந்து கழற்றினாள், பிறகு மறு தோளிலிருந்து. திரும்பி நின்றாள்.

அவன் அட்டையைப் பார்த்தான். அப்படியே நடுரோட்டில் சைக்கிளை விட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அந்தக் கணத்தில் ரயில் வந்தது.

கேட் திறந்ததும் மற்றவர்கள் போய்விட்டார்கள். மூன்று பேரும் ஓரத்தில் ஒரு திண்டில் உட்கார்ந்தார்கள். அவன் டீச்சரின் அப்பா, லாரி டிரைவர். ஜன்னலோரம் வைத்து வைத்து ஒரு கை மட்டும் கறுத்தது அதனால்தான். மகள் வார்டில் கிடந்த எட்டு மாதமும் அவன் வண்டியில் இருந்தான். வந்ததெல்லாம் விரல் விட்டு எண்ணும் தடவைகள், அதுவும் பாதி ராத்திரியில்.

"உங்களையும் எம் பொண்டாட்டியையும் சேத்து எடுத்த படம் ஒண்ணு அவ போன்ல இருக்கு. அத வெச்சுத்தான் காலையில உங்கள அடையாளம் கண்டேன். கிட்ட வரலாம்னா, பை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. வெள்ளையா இருந்துட்டா? ஒரு தாய்கிட்டப் போயி, உங்க பிள்ள இருக்கானான்னு எந்த வாயால கேக்குறது?"

"பிறகு ஏன் மஞ்சள் வாங்குனீங்க?" என்று மெல்லக் கேட்டாள் நாத்தனார். பம்ப்பை எப்போதோ பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு படம் இங்க இருக்கு." அவன் சட்டைப் பையைத் தொட்டான். "வெள்ள அட்டைக்கு என் கை நீளல. எம் பொண்டாட்டிதான் இந்தப் படத்த எடுத்துக் கொடுத்தா. இந்தப் பிள்ளைக்காக ஓட்டுங்க, இருந்தா நல்லா இருக்கட்டும்னா. இருக்கானான்னு தெரியாமத்தான் மஞ்சள் வாங்குனேன். அவ உங்களுக்கு எத்தனையோ தடவ போன் பண்ணுனா."

அது அவளுக்குத் தெரியும். டீச்சரின் அம்மாவோடு ஒரே ஸ்டூலை, ஒரே பிளாஸ்க்கை எட்டு மாதம் பகிர்ந்துகொண்டவள் அவள். ஒருத்தி தூங்கினால் மற்றவள் இரண்டு கட்டிலையும் பார்த்துக்கொள்வாள். டீச்சர் போய்விட்ட செய்தி வந்தபோது அவள் மகனை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். முதல் நாள் போனை எடுக்காததற்குக் காரணம் துக்கம்தான். அடுத்த நாள் பயம் வந்தது, அந்தக் குரல் வழியாக ஏதாவது தன் வீட்டுக்குள் நுழைந்துவிடுமோ என்று. ஒரு மாதம் போனதும் வெட்கம். கடைசியில் நம்பரையே மாற்றிவிட்டாள். இதையெல்லாம் அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "எடுத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

அவன் மனைவிக்குப் போன் போட்டான். "இருக்கான். நல்லா இருக்கானாம். அவங்க அம்மா இங்கதான் இருக்காங்க" என்றான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை அவளிடம் நீட்டினான். "நம்ப மாட்டேங்கிறா. நான் சமாதானத்துக்குச் சொல்றேனாம்."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில் குக்கர் விசில் சத்தம். பிறகு அந்தக் குரல், மூன்று வருஷத்தில் கொஞ்சமும் மாறாமல்.

"நிஜமாவே நீங்கதான்னா சொல்லுங்க. உங்க பையனுக்கு ஒரு மச்சம் இருக்குமே, எந்தத் தொடையில?"

"தொடையில எதுவும் இல்ல. மச்சம் பின்கழுத்துல. நீங்கதான் அத முதல்ல பாத்துச் சொன்னீங்க, தலை மழிச்ச அன்னிக்கு."

விசில் இன்னொரு தடவை அடித்தது. லைன் துண்டிக்கப்பட்டது.

"அழுவா" என்றான் அவன், போனை வாங்கிக்கொண்டு. "அழட்டும்."

மீதிப் பத்தொன்பது கிலோமீட்டரை மூவரும் ஒன்றாக ஓட்டினார்கள். அவன் சங்கிலி இரண்டு தடவை கழன்றது. நாத்தனார் தான் எடுத்து வைத்திருந்த ஆரஞ்சு முழுவதையும் அவனுக்கே கொடுத்துவிட்டாள். முடிவிடத்துக்குப் போனபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கைதட்ட ஆளில்லை. கணவனும் மகனும் வருவதாக இருந்தது, வரவில்லை. அவள் சொன்னபடி கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

புறப்படும்போது அவன் எதுவும் கேட்கவில்லை. அவள்தான் வீட்டு முகவரியைச் சொல்ல ஆரம்பித்தாள். தெருப் பெயர்வரை சொல்லிவிட்டு, கதவு எண்ணைச் சொல்லும் முன் ஒரு நொடி நிறுத்தினாள். அவ்வளவு சீக்கிரம் போய்விடுகிற பழக்கமா அது? பிறகு சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் அம்மா வந்தாள். தனியாகத்தான் வந்தாள், கணவன் வண்டியில் இருந்தான். இளைத்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"மன்னிச்சிடுங்கன்னு கேக்கிற தகுதிகூட எனக்கு இல்ல" என்றாள் இவள்.

"உங்க மேல கோபம் இருக்கு. இல்லன்னு பொய் சொல்லல" என்றாள் வந்தவள். "உங்க இடத்துல நானும் இப்படித்தான் செஞ்சிருப்பேனோன்னு பஸ்ல வரும்போது யோசிச்சேன். இல்ல. நான் போன எடுத்திருப்பேன்."

இவள் தலையாட்டினாள். அது உண்மை என்று அவளுக்கும் தெரியும்.

மகன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றான். நெற்றியில் விழும் அளவு முடி. வந்தவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன்தானா என்று கடைசியாக ஒருமுறை சந்தேகப்படுவது போல.

"என்னத் தெரியுதா?"

அவன் அம்மாவைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "தெரியல ஆன்ட்டி."

இவள் அவனை அதட்ட வாயெடுத்தாள். ஆனால் வந்தவள் சிரித்தாள். "தெரிய வேணாம்டா. அதெல்லாம் ஞாபகம் இல்லாம இருக்கிறதுதான் நல்லது."

அவனுக்கு அவளைப் பிடித்துவிட்டது போல. பக்கத்தில் வந்து வாயைத் திறந்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டினான். "நாலு நாளா ஆடுது. அம்மா தொடவே மாட்டேங்கிறாங்க. ரத்தம் வருமாம். நீங்க புடுங்குறீங்களா?"

அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்தாள்.

"சோப்பு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

வாஷ்பேசினில், அந்த வார்டில் சொல்லிக்கொடுத்தபடி, விரலிடுக்கிலிருந்து முழங்கை வரை நிதானமாகக் கழுவினாள். இவள் துவைத்த துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள்.